வாசகர் கேள்வி – பதில்: மண் வேலையை ஒப்படைக்கும் முன்

கேள்வி: வீடு கட்டுவதற்காக வாங்கிய எங்கள் மனை ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் இருக்கிறது. சமன் செய்து தர உள்ளூர் ஒப்பந்ததாரர்கள் இருவரிடம் கேட்டோம். ஒருவர் ஜேசிபிக்கு மணிக்கணக்கில் வாடகை சொல்கிறார். மற்றவர் மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். யாரிடம் கொடுக்கலாம்?

பதில்: தொகைகளை ஒப்பிடும் முன், இருவரும் ஒரே வேலைக்குத்தான் விலை சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். ‘சமன் செய்து தருகிறேன்’ என்ற வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு பின்னால் எதையும் கேட்க முடியாது. வேலை முடியும்போது மனையின் எந்த மூலை எந்த உயரத்தில் இருக்க வேண்டும், தண்ணீர் எந்தப் பக்கம் வாட்டமாக ஓட வேண்டும் என்பது தாளில் இருந்தால்தான் விலைக்கே பொருள் வரும். அதற்கு முதலில் அசையாத ஓர் இடம் தேவை. சாலையோரச் சிறுபாலத்தின் சுவரிலோ பக்கத்துக் கட்டடத்திலோ, உரியவரிடம் சொல்லிவிட்டு, பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைவிட நான்கு மூலைகளும் நடுப்பகுதியும் எவ்வளவு தாழ்ந்திருக்கின்றன அல்லது உயர்ந்திருக்கின்றன என்று தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயான டியூப் லெவலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் அந்தக் குழாயில் காற்றுக்குமிழி சிக்காமல் பார்த்துக்கொண்டால் சிறிய மனைக்கு அதுவே போதும். பெரிய நிலமென்றால் சர்வேயரை அழைப்பது நல்லது. எல்லைக் கற்களையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இயந்திரம் இறங்கிய பிறகு முதலில் காணாமல் போவது அவைதான்.

இந்தக் குறிப்பை இருவரிடமும் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். அகற்ற வேண்டிய மண்ணின் அளவு தெளிவாகத் தெரிந்தால் மொத்தத் தொகை உங்களுக்குப் பாதுகாப்பு. ஆனால் பாறை தட்டினால் என்ன செய்வது, மிஞ்சும் மண் எங்கே போகும், அதற்கான அனுமதியை யார் வாங்குவது என்பவை அதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். மண்ணுக்கடியில் பழைய அஸ்திவாரமோ தூர்த்த கிணறோ இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் மணிக்கணக்கே நியாயமானது. அப்போது வண்டி வந்து போகும் நேரமும் டீசலும் யார் கணக்கு, பழுதாகி நின்ற நேரத்தைக் கழிப்பார்களா என்று கேட்டுக்கொண்டு, இயந்திரத்தின் மணி மீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் இருவருமாகப் பார்த்து எழுதிக் கையெழுத்திடுங்கள். எத்தனை டிப்பர்கள் ஓடும் என்பதையும் விடாதீர்கள். ஒரே டிப்பர் மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்பும் வரை ஜேசிபி சும்மா நிற்கும். அந்த நேரத்துக்கும் வாடகை கொடுப்பவர் நீங்கள்தான்.

ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல வழி, விலை சொல்வதற்கு முன் அவர் மனையில் நடந்து பார்த்தாரா என்பது. மழைநீர் எங்கிருந்து வருகிறது, மின்கேபிளோ குடிநீர்க் குழாயோ கீழே போகிறதா, லாரி எந்த வழியாக உள்ளே வரும் என்று அவரே கேட்டிருந்தால் நம்பிப் பேசலாம். அவர் முன்பு செய்த வேலைகளில், ஒரு மழைக்காலத்தையாவது கண்ட ஒன்றைப் போய்ப் பாருங்கள். நேற்று முடித்த மனை எல்லாமே அழகாகத்தான் இருக்கும்.

கேள்வி: தாழ்வான மனையை இரண்டடி உயர்த்துவதற்காக லோடு கணக்கில் மண் அடித்தோம். ரோலர் ஓட்டி முடித்த பிறகு அளந்தால் ஒன்றரை அடிதான் இருக்கிறது. ஒப்பந்ததாரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அப்படி உடனே முடிவு கட்ட வேண்டாம். தரையில் கிடக்கும்போது ஓர் அளவு, வெட்டி டிப்பரில் ஏற்றும்போது பொதுபொதுவென்று ஊதி இன்னோர் அளவு, கொட்டி இறுக்கிய பின் வேறோர் அளவு என்று ஒரே மண்ணுக்கு மூன்று கணக்கு உண்டு. தளர்வாக வந்த மண் ரோலருக்குக் கீழே ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைவது சாதாரணம். உங்கள் மனை 30 அடிக்கு 40 அடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டடி உயரத்துக்கு 2,400 கன அடி என்று கணக்கிட்டு, அதே அளவை டிப்பரில் வரவழைத்திருந்தால், இறுகிய பின் 1,800 முதல் 1,920 கன அடிதான் மிஞ்சும்; உயரம் ஒன்றரை அடியை ஒட்டியே நிற்கும். சுமார் 3,000 முதல் 3,200 கன அடி வந்திருந்தால்தான் இரண்டடி கிடைத்திருக்கும். அத்தனை லோடுக்குப் பணம் கொடுத்தும் ஒன்றரை அடிதான் என்றால், அப்போது கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

டிப்பரின் உட்பகுதியின் நீளம், அகலம், மண் நிற்கும் உயரம் ஆகியவற்றை நீங்களே டேப்பால் அளந்து பாருங்கள். கூம்பாகக் குவித்த லோடும் விளிம்புக்குக் கீழே நிற்கும் லோடும் சீட்டில் ஒன்றாகவே எழுதப்படும். இனிச் செய்யும் வேலைக்கு, லோடு எண்ணிக்கையை விட்டுவிட்டு, இறுக்கிய பின் மனையில் நிற்கும் அளவுக்கே பணம் என்று பேசுங்கள். முதலில் குறித்து வைத்த மட்டமும் கடைசி மட்டமும் கையில் இருந்தால் சச்சரவுக்கு இடமில்லை.

கேள்வி: மண் நிரப்பி ஒரு மழைக்காலம் விட்டுவிட்டால் தானாக இறுகிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மேலாக ஓரளவு இறுகும், ஆழத்தில் அதை நம்ப முடியாது. மூன்றடி மண்ணை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு மேலே ரோலர் ஓட்டினாலும் அடிமண் தளர்ந்தே கிடக்கும். 15 முதல் 20 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அளவாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்காக இறுக்க வேண்டும். ஈரப்பதம் சரியா என்று களத்திலேயே பார்க்கலாம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்து, பிறகு அந்த உருண்டையை விரல்களால் உடையுங்கள். இரண்டு மூன்று துண்டுகளாகத் தெளிவாக உடைந்தால் பதம். தூளாக உதிர்ந்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஈரம் ஒட்டினால் காயவிட வேண்டும். இந்தச் சோதனை களிமண் கலந்த மண்ணுக்குத்தான், வெறும் மணலுக்குப் பொருந்தாது. முடிந்ததும் லோடு ஏற்றிய டிப்பரை மெதுவாக ஓட்டச் சொல்லி, சக்கரம் எங்கே அழுந்துகிறது என்று கவனியுங்கள். அழுந்தும் இடத்தைத் தோண்டி மறுபடி நிரப்பச் சொல்லலாம்.

நிரப்பத் தொடங்கும் முன்பே புல்லும் வேரும் உள்ள மேல்மண்ணை வழித்தெடுத்துத் தனியே குவித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டடத்துக்கடியில் அது மக்கி உள்வாங்கும். தோட்டத்துக்கோ அதைவிட நல்ல மண் கிடைக்காது. இவையெல்லாம் செய்த பிறகும், நிரப்பிய மண்ணின் மேல் அஸ்திவாரம் வைக்கலாமா, இயற்கைத் தரை வரை இறக்க வேண்டுமா என்பதைப் பொறியாளர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: வீட்டைச் சுற்றி எவ்வளவு வாட்டம் கொடுக்க வேண்டும்?

பதில்: சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் தரை 6 அங்குலமாவது தாழ வேண்டும். அந்தத் தண்ணீர் பக்கத்து மனைக்குள் போய் நிற்காமல் வடிகாலில் சேர்வதற்கு வழி வேண்டும். பழைய நீர்வழியை ஒருபோதும் மண்ணடித்து மூடாதீர்கள்.

கேள்வி: செப்டிக் டேங்குக்கு 8 அடி குழி வெட்டுகிறார்கள். மண் கெட்டியாக இருப்பதால் பக்கங்களுக்கு முட்டு தேவையில்லை என்கிறார் ஒப்பந்ததாரர். சரியா?

பதில்: சரியில்லை, தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அது சரியும்போது விலகி ஓட நேரம் இருக்காது, மார்பு வரை புதைந்தவரால் மூச்சை உள்ளிழுக்கவே முடியாமல் போகும். காலையில் கெட்டியாக நின்ற பக்கம், பக்கத்தில் லாரி ஓடிய அதிர்விலோ ஒரு மழையிலோ மாலைக்குள் சரியலாம். ஆகவே ஐந்தடிக்கு மேல் ஆழமான குழிக்குள் ஆள் இறங்குவதானால், பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும், அல்லது பக்கங்களைப் படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும். அதற்குக் குறைந்த ஆழத்திலும் மண் உதிர்ந்தால் இதே கவனம் வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிக் கொட்ட வேண்டும். இயந்திரமும் விளிம்பை ஒட்டி நிற்கக் கூடாது. உள்ளே எப்போதும் ஓர் ஏணி இருக்க வேண்டும். முட்டுக்கான செலவையும் சேர்த்தே விலை கேளுங்கள். அப்போதும் வேண்டாம் என்று சொல்பவரிடம் அந்தக் குழியை ஒப்படைக்காதீர்கள்.