கவுன்சில் வரிக்குக் கோர்ட் சம்மன் வந்தால் முதலில் பில்லைப் பாருங்கள்

கேள்வி: லண்டனில் 9 வயது மகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். கணவர் கடந்த ஜனவரியில் பிரிந்து தனியாகப் போய்விட்டார். எனக்கு சூப்பர் மார்க்கெட்டில் பகுதிநேர வேலை. இந்த ஆண்டுக் கவுன்சில் வரி 1,680 பவுண்டு, மாதம் 168 வீதம் பத்துத் தவணை. பில் எங்கள் இருவர் பெயரிலும் வந்தது. சம்பளம் மாதக் கடைசியில்தான் கைக்கு வரும் என்பதால் தவணைகள் பிந்திக்கொண்டே போயின. ஜூன் தவணைக்கு நினைவூட்டல் கடிதம் வந்தும் மூன்று வாரம் கழித்துத்தான் கட்டினேன். ஆகஸ்டில் நான்காவது தவணையையும் கட்டினேன். அதற்குப் பிறகு, மீதி 1,008 பவுண்டும் செலவுத் தொகை 98 பவுண்டும் கேட்டு மாஜிஸ்ட்ரேட் நீதிமன்றச் சம்மன் வந்திருக்கிறது. செப்டம்பர் கடைசியில் விசாரணை. போலீஸ் வருமா? கடன் வசூலிக்கும் பெய்லிஃப் வந்து கதவை உடைப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். தவணையைத்தான் கட்டினேனே, பிறகு எதற்கு முழுப் பணத்தையும் கேட்கிறார்கள்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போலீஸ் வராது. இது குற்ற வழக்கு இல்லை, உங்களை யாரும் கைது செய்யப் போவதில்லை. கவுன்சில், அதாவது உங்கள் பகுதி உள்ளாட்சி நிர்வாகம், கேட்பது ‘லயபிலிட்டி ஆர்டர்’ என்ற ஆணை. இந்தத் தொகையைக் கட்டும் பொறுப்பு உங்களுடையது என்று நீதிமன்றம் சொல்லும் ஆணை அது, அவ்வளவுதான். குற்றப் பதிவில் ஏறாது. சாதாரணக் கடன் வழக்கில் வரும் கவுன்டி கோர்ட் தீர்ப்பு போலக் கடன் தகுதிப் பதிவிலும் ஏறாது. ஆனால் அந்த ஆணை கிடைத்துவிட்டால் கவுன்சிலுக்குப் பல அதிகாரங்கள் வந்துவிடும். அதனால் சம்மனை மேசை டிராயரில் போட்டு மூடிவிடாதீர்கள்.

தவணை கட்டியும் ஏன் முழுத்தொகை என்று கேட்டிருக்கிறீர்கள். கவுன்சில் வரி வசூல் பற்றிய 1992-ஆம் ஆண்டு விதிகள் இப்படிச் சொல்கின்றன: தவணை தவறினால் கவுன்சில் நினைவூட்டல் அனுப்பும், அதிலிருந்து ஏழு நாளில் கட்டிவிட வேண்டும். கட்டாவிட்டால், இன்னும் ஏழு நாள் கழிந்ததும் தவணையில் கட்டும் உரிமை போய்விடும், அந்த ஆண்டின் மீதி முழுவதையும் ஒரே தடவையில் கேட்கலாம். ஜூன் தவணையை நீங்கள் மூன்று வாரம் கழித்துக் கட்டியபோதே அந்த உரிமை போய்விட்டது. பிறகு கட்டிய பணத்தைக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள், ஆனால் தவணைத் திட்டம் உயிரோடு இல்லை. இது பலருக்குத் தெரிவதில்லை. ஒழுங்காகக் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம் என்று நம்பியிருக்கும்போதே சம்மன் வந்து நிற்கிறது.

சரி, இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சம்மனைப் பற்றி எத்தனையோ கேட்டிருக்கிறீர்கள், பில் சரிதானா என்று மட்டும் கேட்கவில்லை. கோர்ட் பெயர் போட்ட தாளைப் பார்த்த பயத்தில் எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. உங்கள் வீட்டில் 18 வயதைத் தாண்டியவர் நீங்கள் ஒருவர்தான். அப்படியானால் 25 சதவீதத் தள்ளுபடி உங்கள் சட்ட உரிமை. வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே அதில் கிடையாது. கணவர் போனதைக் கவுன்சிலுக்கு யாரும் சொல்லாததால்தான் பில் இருவர் பெயரில், முழுத்தொகைக்கு வந்திருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,680-இல் கால் பங்கு 420. கழித்தால் ஆண்டு முழுவதற்கும் 1,260, மாதத்துக்கு 126. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து தவணைக்கு 630 பவுண்டு. நீங்கள் இதுவரை கட்டியது 672. பில் சரியாக வந்திருந்தால் இன்றைய தேதியில் உங்களுக்குப் பாக்கியே இல்லை, 42 பவுண்டு கூடுதலாகக் கட்டியிருக்கிறீர்கள்! ஜனவரியில் அவர் போன நாளிலிருந்து மார்ச் கடைசி வரைக்கும் தள்ளுபடி உண்டு. போன ஆண்டு பில்லை முழுதாகக் கட்டியிருந்தால் அந்தப் பணமும் உங்கள் கணக்குக்கு வர வேண்டும்.

இதை நேரே கோர்ட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தள்ளுபடி உண்டா இல்லையா என்று தீர்மானிக்க மாஜிஸ்ட்ரேட்டுக்கு அதிகாரம் இல்லை. அது கவுன்சில் முடிவு செய்ய வேண்டியது. மறுத்தால், கவுன்சில் வரி மேல்முறையீடுகளைக் கேட்கும் வேல்யூவேஷன் ட்ரிப்யூனலுக்குப் போக வேண்டும். முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் ஆட்சேபம். அவர்கள் மறுத்துப் பதில் தந்தாலும், இரண்டு மாதமாகியும் பதிலே வராவிட்டாலும் ட்ரிப்யூனல், அதற்குக் கட்டணம் இல்லை. கையில் பணம் இல்லை என்பதும் மாஜிஸ்ட்ரேட் முன்னால் எடுபடாது. தொகை சட்டப்படி உங்கள் மேல் விழுந்திருக்கிறதா, அது கட்டப்படாமல் இருக்கிறதா, இந்த இரண்டைத்தான் அவர் பார்ப்பார். இரண்டுக்கும் ஆம் என்றால் ஆணை போட்டே ஆக வேண்டும், இரக்கம் காட்ட இடம் இல்லை. இப்படிப்பட்ட சம்மன்கள் ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பட்டியலில் வரும், ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

ஆகவே விசாரணைக்கு முன்பே கவுன்சிலின் கையில் உங்கள் மின்னஞ்சல் இருக்க வேண்டும். தொலைபேசியில் மட்டும் பேசிவிட்டு விடாதீர்கள், பேசியதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது. கணவர் வீட்டை விட்டுப் போன தேதி, அவருடைய புதிய முகவரி தெரிந்தால் அது, பிரிவைக் காட்டும் ஏதாவது ஒரு கடிதம், மேலே நான் போட்ட கணக்கு, இவ்வளவும் அதில் இருக்கட்டும். மூன்று கோரிக்கைகளைத் தெளிவாக எழுதுங்கள்: ஜனவரி முதல் தள்ளுபடி தந்து பில்லைத் திருத்த வேண்டும், சம்மனைத் திரும்பப் பெற்று 98 பவுண்டை நீக்க வேண்டும், மீதியைச் சம்பளத் தேதிக்குப் பிறகு வரும் ஒரு நாளில் மாதத் தவணையாகக் கட்ட விட வேண்டும். சம்மனைத் திரும்பப் பெற்றே தீர வேண்டும் என்று கவுன்சிலைக் கட்டாயப்படுத்தச் சட்டம் இல்லை. ஆனால் பில் சரியாக வந்திருந்தால் இதுவரையிலான தவணைகளில் பாக்கியே இருந்திருக்காத ஒருவரைக் கோர்ட்டுக்கு இழுப்பது நியாயமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். இதைவிட வலுவான வாதம் உங்களிடம் வேறு எதுவும் இல்லை.

அதே மின்னஞ்சலில் கவுன்சில் வரிக் குறைப்புக்கும் விண்ணப்பம் கேளுங்கள். இது தள்ளுபடியிலிருந்து வேறு, குறைந்த வருமானக்காரர்களுக்கானது. 2013 ஏப்ரலில் பழைய உதவித்தொகையை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு கவுன்சிலும் தனக்கென ஒரு திட்டம் வைத்திருக்கிறது. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்குகிறவர்கள் இது தானாகவே சேர்ந்துவிடும் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். சேராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அப்படியும் முடியாத நெருக்கடி என்றால், 1992 உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவின்கீழ் பாக்கியைக் குறைக்கவோ முழுதாகத் தள்ளவோ கவுன்சிலுக்கு விருப்ப அதிகாரம் உண்டு. கேட்காதவர்களுக்கு அது கிடைக்காது.

அந்த 98 பவுண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சம்மன் அனுப்பிய நியாயமான செலவை மட்டுமே கவுன்சில் கேட்கலாம். ஹாரிங்கே கவுன்சில் 125 பவுண்டு கேட்டபோது, ஓய்வுபெற்ற பாதிரியார் பால் நிக்கல்சன் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை போனார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று விசாரிக்காமல் மாஜிஸ்ட்ரேட் ஒப்புக்கொண்டது தவறு என்று 2015-இல் தீர்ப்பு வந்தது. ஆகவே செலவு விவரத்தை நீங்களும் கேட்கலாம். விசாரணைக்கு முன் பாக்கியையும் நியாயமான செலவையும் கட்டிவிட்டால் கவுன்சில் வழக்கைத் தொடர முடியாது என்றும் விதி இருக்கிறது. ஆனால் பில்லைத் திருத்தும் முன் கடன் வாங்கி 1,106 பவுண்டைக் கட்ட ஓடாதீர்கள்.

விசாரணை நாளுக்குள் சாதகமான பதில் வரவில்லை என்றால் நேரில் போங்கள். போகாவிட்டால் வாரண்ட் வராது, நீங்கள் இல்லாமலே ஆணை போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். போனால் கவுன்சில் அலுவலர் அங்கேயே இருப்பார். மின்னஞ்சலின் நகலைக் காட்டி, தள்ளுபடி முடிவாகும் வரை தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் மாஜிஸ்ட்ரேட்டிடம் ஒத்திவைப்புக் கேளுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள். மகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், அந்தப் பாரம் அவளுக்கு வேண்டாம்.

ஒருவேளை ஆணை வந்துவிட்டால்? உடனே மாதத் தவணைக்கு எழுதுங்கள். கவுன்சில் உங்கள் சம்பளத்திலிருந்து முதலாளி வழியாகப் பிடிக்கலாம், சில அரசு உதவித்தொகைகளிலிருந்து பிடிக்கலாம், பெய்லிஃபிடமும் கொடுக்கலாம். பெய்லிஃபிடம் போனால் கடன் வீங்கும். 2014-இல் கட்டணம் வகுத்தபோது, கோப்பு அவர்கள் கைக்குப் போனதுமே 75 பவுண்டு, வீட்டுக்கு வந்தால் இன்னொரு 235 என்று வைத்தார்கள். அதற்கு முன் தவணை பேசி முடித்துவிடுவதே நல்லது.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னது சரியில்லை. கவுன்சில் வரிக்காக முதல் தடவை வரும் பெய்லிஃப் கதவை உடைக்க முடியாது, உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையவும் முடியாது. நீங்கள் திறந்துவிட்டாலோ, பூட்டாத கதவு வழியாகவோதான் உள்ளே வரலாம். உள்ளே வந்து பொருட்களைப் பட்டியலிட்டு உங்களிடம் கையெழுத்து வாங்கி, பிறகு நீங்கள் தவணை தவறினால்தான் அடுத்த தடவை பலவந்தமாக வரும் உரிமை வரும். அதனால் கதவைத் திறக்காமல் தபால் துளை வழியாகவே பேசுங்கள். வீட்டில் 16 வயதுக்குக் கீழான பிள்ளை மட்டும் இருக்கும்போது அவர்கள் நுழையவே கூடாது. இதை மகளுக்கும் சொல்லி வையுங்கள். வாசலில் நிற்கும் காரைப் பூட்டுவதுதான் அவர்களுக்குச் சுலபம், கார் இருந்தால் கவனம்.

சிறை என்ற பேச்சு இங்கிலாந்தில் சட்டத்தில் இன்னும் இருக்கிறது, வேல்ஸில் 2019-இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் அது பெய்லிஃப் முயன்று தோற்ற பிறகு, தனி விசாரணையில், வசதி இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை என்றோ, கட்ட வேண்டியதைப் பெருங்கவனக்குறைவாக விட்டுவிட்டார் என்றோ நீதிமன்றம் கண்டால் மட்டும்தான். உங்கள் நிலைக்கும் அதற்கும் வெகு தூரம்.

வேறு கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரித்தால், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அல்லது ஸ்டெப்சேஞ்ச் அமைப்பின் கடன் ஆலோசகரிடம் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ கேளுங்கள். 2021 மே முதல் உள்ள திட்டம் இது. அதில் சேர்த்தால் பழைய பாக்கிகளுக்கான வசூல் நடவடிக்கை 60 நாள் நிற்கும்.

கடைசியாக, கணவரின் பங்கு. ஜனவரியில் அவர் போகும் வரை உள்ள காலத்துக்கு நீங்கள் இருவருமே கூட்டாகப் பொறுப்பு. பழைய பாக்கி இருந்தால் முழுவதையும் உங்களிடமே கேட்கக் கவுன்சிலால் முடியும், அவரிடமும் கேட்கலாம். அவர் வீட்டை விட்டுப் போன பிறகு வந்த வரிக்கு, வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயர் இன்னும் இருந்தாலும், அங்கே குடியிருக்கும் நீங்கள் மட்டுமே பொறுப்பு. அதனால் பில்லிலிருந்து அவர் பெயரை எடுக்கும்படியும் அதே மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இன்றைக்கே அனுப்புங்கள்.