செப்புக் குழாயில் பச்சைக் களிம்பு: துடைத்தால் போதுமா?

கேள்வி: ஸ்கார்பரோவில் 1970களில் கட்டப்பட்ட எங்கள் வீட்டின் பேஸ்மென்டைப் புதுப்பிக்கப் பழைய கூரையைக் கழற்றியபோது, செப்புத் தண்ணீர்க் குழாய்களில் ஆங்காங்கே பச்சைக் களிம்பு தெரிந்தது. ஒழுக்கு எங்கும் இல்லை. துடைத்துவிட்டு டிரைவால் அடித்து மூடிவிடலாம் என்கிறார் வேலையை எடுத்தவர். மூடலாமா?
- வாசகி ஒருவர், டொரன்டோ

பதில்: களிம்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இணைப்புகளைச் சுற்றி மட்டும் பச்சை படிந்திருந்தால், குழாயைப் பற்றவைத்தபோது பூசிய ஃபிளக்ஸ் பசையைத் துடைக்காமல் விட்டதன் விளைவாகவே அது பெரும்பாலும் இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, சில வாரங்களில் மறுபடி படிகிறதா என்று கவனித்தால் போதும். இணைப்பே இல்லாத நடுப்பகுதியில் பச்சைப் பொட்டும் அதன் மேல் வெள்ளைப் பொருக்கும் இருந்தால், உட்புறத்தில் குழிகுழியாக அரித்த செம்பு ஊசித்துளை அளவுக்குத் திறந்து, கசிந்த நீர் உலர்ந்து அந்தத் துளையைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதைச் சுரண்டிப் பார்க்கும் ஆசை வந்தால், முதலில் மெயின் வால்வை மூடுங்கள்.

அரை அங்குலச் செப்புக் குழாயில் 'எம்' வகையின் சுவர் 0.028 அங்குலமும், 'எல்' வகையின் சுவர் 0.040 அங்குலமும் தடிமன் உடையவை. மெல்லிய 'எம்' குழாயில் ஓரிடத்தில் துளை விழுந்திருந்தால், அதே வரிசையில் மற்ற இடங்களும் மெலிந்திருக்க வாய்ப்புண்டு என்பதால், கிளாம்ப் போட்டு ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூரை திறந்திருக்கும் இப்போதே அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது, பிறகு புதுச் சுவரை உடைப்பதைவிட மலிவு.

செம்புக்குப் பதிலாகப் பெக்ஸ் பிளாஸ்டிக் குழாய் போடலாம். ஆனால் பலரும் மறக்கும் ஒன்று உண்டு. பழைய வீடுகள் பலவற்றில் மின்சாரத்தின் எர்த் இணைப்பு உலோகத் தண்ணீர்க் குழாயோடு பிணைக்கப்பட்டிருக்கும். நடுவில் பிளாஸ்டிக் வந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும் என்பதால், உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் முன்கூட்டியே காட்டுங்கள்.

கனடாவின் தேசியக் குழாய் விதித்தொகுப்பு குடிநீர்க் குழாய்களில் ஈயப் பற்றாசைத் தடைசெய்தது 1986இல்தான். உங்கள் வீடு அதற்கு முந்தியது. ஆகவே பழைய இணைப்புகள் மிஞ்சும் பட்சத்தில் குடிநீரைப் பரிசோதிப்பது நல்லது. ஹெல்த் கனடா வகுத்த ஈய வரம்பு லீட்டருக்கு 5 மைக்ரோகிராம்.

டிரைவால் அடிப்பதற்கு முன் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வால்வுகள் உள்ள இடங்களில் திறக்கக்கூடிய சிறு கதவுகள் கட்டாயம் இருக்கட்டும்.