பந்தயக் குதிரை ஏலங்களில் வருடா வருடம் சாதனை விலை என்று செய்தி வருகிறதே, அந்தச் சந்தை உண்மையிலேயே வளர்கிறதா?

வளர்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உச்சியில் பணம் குவிகிறது, அடியில் ஆள் குறைகிறது. செய்தியின் முதல் வரியில் வரும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இரண்டாவது விஷயம் கண்ணில் படவே படாது.

பல வருடங்களாக நான் தரோப்ரெட் (பந்தயத்துக்கென்றே வளர்க்கப்படும் இனம்) குதிரை ஏலங்களை நேரலையில் பார்த்து வருகிறேன். கேட்டலாக்கில் ஒரு குட்டியின் பக்கத்தைப் படித்து, அது ஏல வளையத்துக்குள் வருவதற்கு முன்பே என் மதிப்பை ஒரு நோட்டில் எழுதி வைப்பது வழக்கம். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே நோட்டை எடுத்து, எந்தக் குட்டி என்ன ஆனது என்று சரிபார்ப்பேன். இங்கே எழுதுவதில் பாதிக்கு மேல் அந்த நோட்டு கற்றுக்கொடுத்தது.

முதலில் எண்கள். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் உள்ள கீன்லேண்டில் செப்டம்பர் மாதம் நடக்கும் ஏலம்தான் ஒரு வயதுக் குட்டிகளுக்கான மிகப் பெரிய சந்தை. சுமார் இரண்டு வாரம் நடக்கும். 4,000க்கும் மேற்பட்ட குட்டிகள் பட்டியலில் இருக்கும். 2006இல் அங்கே நடந்த மொத்த விற்பனை கிட்டத்தட்ட 40 கோடி டாலர். 2009இல் அது 19 கோடியாக விழுந்தது. மறுபடி 40 கோடியைத் தாண்ட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2025இல் 53 கோடி. செய்திகளில் நீங்கள் பார்த்த சாதனை இதுதான். ஆனால் 2006இன் 40 கோடி டாலரை இன்றைய விலைவாசிக்கு மாற்றிப் பாருங்கள், 60 கோடிக்கு மேல் வரும். பணவீக்கத்தைக் கழித்துவிட்டால் இன்றைய சாதனை அன்றைய உயரத்தை இன்னும் தொடவில்லை.

2009இல் ஏன் அப்படி விழுந்தது என்று கேட்டால் எல்லோரும் 2008 நிதி நெருக்கடியைச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது பாதிக் காரணம். மீதிப் பாதி இந்தத் தொழிலின் கால இடைவெளியில் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு வளர்ப்பாளர் தன் பெண்குதிரையை எந்தப் பொலிகுதிரையோடு (இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண்குதிரை) சேர்ப்பது என்று வசந்த காலத்தில் முடிவு செய்கிறார். கர்ப்பம் பதினொரு மாதம். அடுத்த வருடம் குட்டி பிறக்கும். அதற்கும் அடுத்த வருடம் செப்டம்பரில்தான் அந்தக் குட்டி ஏலத்துக்கு வரும். முடிவுக்கும் விற்பனைக்கும் நடுவில் இரண்டரை வருடம். விலை ஏறிக்கொண்டிருந்த 2007இல் பொலிகுதிரையோடு சேர்ப்பதற்குத் தைரியமாக அதிகக் கட்டணம் ஒத்துக்கொண்டவரின் குட்டி, கடன் கிடைக்காத, வாங்குபவர் இல்லாத 2009இல் வளையத்துக்குள் நின்றது. அவர் எந்தத் தவறும் செய்யவில்லை; கையில் இருந்த தகவலை வைத்து நியாயமான முடிவுதான் எடுத்தார். ஆடை வியாபாரத்தில் சரக்கை நிறுத்தி வைக்கலாம். குட்டியை நிறுத்தி வைக்க முடியாது, அது தினமும் சாப்பிடும், வளரும், வயது ஏறும். அதிலும் வடக்கு அரைக்கோளத்தில் எல்லா தரோப்ரெட் குதிரைகளுக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடிவிடும்.

இதே கதை அதற்கு முன்பும் ஒரு முறை நடந்திருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் துபாயின் ஷேக் முகமதுவும், ராபர்ட் சாங்ஸ்டர், ஜான் மேக்னியர், வின்சென்ட் ஓப்ரையன் ஆகியோரின் கூட்டணியும் கீன்லேண்டின் ஜூலை ஏலத்தில் விட்டுக்கொடுக்காமல் மோதினார்கள். 1983இல் ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டி 1 கோடியே 2 லட்சம் டாலருக்குப் போனது. 1985இல் சியாட்டில் டான்சர் 1 கோடியே 31 லட்சத்துக்குப் போனது. ஒரு வயதுக் குட்டி விலையில் அந்த உயரம் நெடுங்காலம் அப்படியே நின்றது. அந்த விலைகளைப் பார்த்து எல்லோரும் குட்டி போட வைத்தார்கள். வட அமெரிக்காவில் பதிவான குட்டிகளின் எண்ணிக்கை 1986இல் 51,000ஐத் தாண்டியது. அதே வருடம் அமெரிக்க வரிச் சட்டம் மாறியது. குதிரையில் வந்த நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்வது முதலீட்டாளர்களுக்குக் கடினமானது, பணம் விலகியது. ஸ்னாஃபி டான்சர் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை. உலகத்தையே பார்க்க வைத்த அந்த ஜூலை ஏலமும் 2003இலிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது.

இன்று வட அமெரிக்காவில் ஒரு வருடத்தில் பிறக்கும் குட்டிகள் 18,000க்கும் கீழே. 1986ஐ ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குதான். உங்கள் கேள்விக்கு என் பதிலின் மையம் இந்த எண்தான். சரக்கு குறைந்ததாலும் விலை ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து வளர்ச்சி என்று சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

வரி இன்றும் பெரிய பங்கு வகிக்கிறது. 2017இல் வந்த அமெரிக்கச் சட்டம், வாங்கிய குதிரையின் முழு விலையையும் முதல் வருடத்திலேயே செலவாகக் காட்ட வழி செய்தது. 2023இலிருந்து அந்தச் சலுகை படிப்படியாகக் குறைந்து வந்தது. 2025 ஜூலையில் மறுபடியும் முழுதாகத் திரும்பியது. இரண்டே மாதத்தில் செப்டம்பர் ஏலம், சாதனை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன். இதோடு கென்டக்கியில் பந்தயப் பரிசுத் தொகையும் ஏறியிருக்கிறது. அதற்குப் பின்னால் இருப்பது பழைய பந்தய முடிவுகளை வைத்து இயங்கும் சூதாட்ட இயந்திரங்களின் வருமானம். அந்த இயந்திரங்களின் வருமானத்தை நம்பி இவ்வளவு பெரிய தொழில் நிற்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

அப்புறம், உச்சியில் ஏன் இத்தனை கோடி? ஓடி ஜெயிக்கும் பரிசுக்காக என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். அந்த விலை பொலிகுதிரைக் கனவின் விலை. தரோப்ரெட் இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது. நேரடியாகச் சேர்ந்து பிறந்த குட்டியைத்தான் பதிவு செய்ய முடியும். ஃப்ராங்கெல் என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையின் கட்டணம் ஒரு முறைக்கு 3,50,000 பவுண்டு வரை போயிருக்கிறது. ஒரு பருவத்தில் 150 பெண்குதிரைகள் என்று வைத்தால் 5 கோடி பவுண்டைத் தாண்டும், அதுவும் ஒரே வருடத்தில். ஃப்ளைட்லைன் என்ற அமெரிக்கக் குதிரை ஒரு வயதில் 10 லட்சம் டாலருக்குப் போனது. தோல்வியே காணாமல் 2022இல் ஓய்வு பெற்றதும் அதில் இரண்டரை சதவீதப் பங்கு மட்டும் கீன்லேண்டில் 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. முழுக் குதிரைக்குக் கணக்கிட்டால் 18 கோடியே 40 லட்சம். இப்படி ஒரு குதிரை கிடைத்தால் இருபது தோல்விகளின் செலவும் திரும்பிவிடும். அதனால்தான் சமீப வருடங்களில் முன்பு எதிர்த்து ஏலம் கேட்டவர்களே கூட்டுச் சேர்ந்து, பத்துப் பதினைந்து ஆண்குட்டிகளை ஒன்றாக வாங்கி அபாயத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முதலீடு என்று பார்த்தால் புத்திசாலித்தனம்தான். ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் குட்டியைத்தான் தேடுகிறார்கள், அங்கேதான் மற்றவர்களுக்குக் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

அது என்ன மாதிரி? இப்போது மவுசு உள்ள தகப்பன், தாய்வழியில் பந்தயம் வென்ற உறவுகள், நேரான கால்கள், சுத்தமான எக்ஸ்ரே, தொண்டையில் பிரச்சினை இல்லை. ஏலத்துக்கு முன்பே எக்ஸ்ரே படங்களைக் கால்நடை மருத்துவர்கள் பார்த்துவிடுவார்கள். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் பத்துப் பேர் மோதுகிறார்கள். ஒரு மூட்டில் சிறு மாற்றம் தெரிந்தால் ஒருவர்கூடத் தலையசைப்பதில்லை. அந்தக் குட்டி, விற்பவர் வைத்த ரிசர்வ் விலையை (இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்ற விலை) எட்டாமல் லாயத்துக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பியவற்றை என் நோட்டில் தனியாகக் குறித்து வைக்கிறேன். அவற்றில் சில பிறகு நன்றாக ஓடியிருக்கின்றன. விலையில் நடு இடம் என்று ஒன்று முன்பு இருந்தது. நல்ல குட்டி, சின்னக் குறை, நியாயமான விலை. அந்த நடு இடம் தேய்ந்துவருவதுதான் இந்தப் பத்து வருடத்தில் நான் கண்ட மிகப் பெரிய மாற்றம்.

தகப்பனின் மவுசு பற்றியும் சொல்ல வேண்டும். முதல் வருடப் பொலிகுதிரையின் குட்டிகளுக்கு நல்ல விலை கிடைக்கும், ஏனென்றால் அதன் குட்டி எதுவும் இன்னும் ஓடித் தோற்கவில்லை. நான்காம், ஐந்தாம் வருடத்தில் முதல் குட்டிகள் ஓடத் தொடங்கும்போது உண்மை தெரியும், பெரும்பாலான பெயர்கள் சரியும். இது தெரிந்திருந்தும் வளர்ப்பாளர்கள் புதுக் குதிரையிடம் ஓடுகிறார்கள். விற்றுப் பிழைக்க வேண்டும் அல்லவா. சில பொலிகுதிரைகளுக்கு வருடத்தில் 200க்கும் மேற்பட்ட பெண்குதிரைகள் போகின்றன. அதை 140ஆகக் கட்டுப்படுத்த தரோப்ரெட் குதிரைகளைப் பதிவு செய்யும் அமைப்பான அமெரிக்க ஜாக்கி கிளப் 2020இல் விதி கொண்டுவந்தது, எதிர்ப்பு வந்து 2022இல் விலக்கிக்கொண்டது. இனத்தின் மரபு வளம் குறுகிவிடுமோ என்ற பயத்தில் வந்த விதி அது. விலக்கியது தவறு என்றே நான் இன்றும் நினைக்கிறேன்.

விலைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் இரண்டு குதிரைகளைச் சொல்வேன். ஒன்று தி கிரீன் மங்கி. 2006இல் ஃப்ளோரிடாவில் நடந்த இரண்டு வயதுக் குதிரை ஏலத்துக்கு முந்தைய ஓட்டத்தில் எட்டில் ஒரு மைலை 9.8 விநாடியில் ஓடியது. 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். மூன்று முறை ஓடியது, ஒன்றிலும் ஜெயிக்கவில்லை.

இன்னொன்று சண்டே சைலன்ஸ். அதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்குத் தீராது. பின்னங்கால் அமைப்பு சரியில்லை என்று ஒரு வயது ஏலத்தில் யாரும் சீந்தவில்லை. 17,000 டாலரில் நின்று, விற்க வந்த பக்கமே திரும்பியது. 1989இல் கென்டக்கி டெர்பியை வென்றது. ஓய்வு பெற்றபோதும் அமெரிக்க வளர்ப்பாளர்கள் ஆர்வம் காட்டவில்லை. ஜப்பானின் ஜென்யா யோஷிதா வாங்கிக்கொண்டு போனார். அங்கே அது ஒரு தலைமுறையையே மாற்றியது. அதன் மகன் டீப் இம்பாக்ட் 2002இல் ஹொக்கைடோவில் நடக்கும் செலக்ட் சேலில் 7 கோடி யென்னுக்குப் போனது. அதுவும் அன்றைய உச்ச விலை அல்ல. 2005இல் ஜப்பானின் மூன்று பெரும் பந்தயங்களையும் தோல்வியின்றி வென்றது. இன்று உலகின் வலுவான ஏலங்களில் ஒன்றாக அந்தச் செலக்ட் சேல் நிற்பதற்கு, கென்டக்கி வேண்டாம் என்று தள்ளிய ஒரு கறுத்த குதிரை முக்கியக் காரணம்.

பெண்குதிரைகளின் விலை இன்னொரு போக்கு. பந்தயத்தில் தோற்றாலும் தாயாக மதிப்பு இருப்பதால் இங்கே அபாயம் குறைவு என்று பெரிய பண்ணைகள் நினைக்கின்றன. இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் டாட்டர்சால்ஸ் நிறுவனம் 2017இல் மார்ஷா என்ற பெண்குதிரையை 60 லட்சம் கினிக்கு விற்றது. (அங்கே இன்னும் கினிக் கணக்குதான், ஒரு கினி என்றால் 1 பவுண்டு 5 பென்ஸ்.) 2024இல் சிட்னியில், விங்ஸ் என்ற புகழ்பெற்ற ஆஸ்திரேலியப் பந்தயப் பெண்குதிரையின் மகள் 1 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குப் போனாள். வாங்கியவர் விங்ஸின் சொந்தக்காரர்களில் ஒருவர், மற்ற பங்காளிகளின் பங்கையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். சந்தை விலை என்பதைவிட ஒரு குடும்பத்தின் பாசம் அதில் அதிகம் என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். ஆனாலும் அந்த எண் அந்த வருடச் சராசரியில் சேர்ந்துவிட்டது.

அதனால் சராசரியை நம்பாதீர்கள். எல்லாக் குதிரைகளையும் விலைப்படி வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குதிரையின் விலை என்ன, ரிசர்வ் எட்டாமல் திரும்பியவை நூற்றுக்கு எத்தனை, இந்த இரண்டையும் பாருங்கள். ஏல நிறுவனங்கள் இரண்டையும் வெளியிடுகின்றன.

நேரம் இருந்தால் அடுத்த செப்டம்பரில் கீன்லேண்டின் முதல் இரண்டு நாள்களோடு நிறுத்திவிடாமல் கடைசி மூன்று நாள்களையும் பாருங்கள். அரங்கில் பாதி இருக்கை காலியாக இருக்கும். 5,000 டாலர், 10,000 டாலர் என்று குட்டிகள் போகும், அந்தத் தொகையில் இரண்டு வருடத் தீவனச் செலவுகூடத் தேறாது. ஒன்றிரண்டு பெண்குதிரைகளை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ப்பவர்கள் அங்கேதான் விற்கிறார்கள். போன வருடப் பட்டியலில் இருந்த அந்தச் சிறு வளர்ப்பாளர்களின் பெயர்களை இந்த வருடப் பட்டியலில் தேடி ஒவ்வொன்றாக டிக் அடித்து வருகிறேன். டிக் இல்லாத வரிகள் கூடிக்கொண்டே வருகின்றன.