‘நல்லா இருக்கு’ போதாது

கேள்வி: எங்கள் இசைக்குழுவின் புதிய பாடல்களை யாரிடம் போட்டுக் காட்டினாலும் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள். உண்மையான கருத்தை எப்படிப் பெறுவது?

பதில்: ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் அதுதான் பதிலாக வரும். ஒலிக்கலவை செய்பவன் நான்; அதாவது குரலையும் கருவிகளையும் சரியான அளவில் சேர்த்துப் பாடலாக்குபவன். கேட்பவர்களிடம் வேறு மாதிரி விசாரிப்பேன். எந்த இடத்தில் கவனம் சிதறியது? எந்த வரி புரியவில்லை? அப்புறம், மறுநாள் எந்த மெட்டை முணுமுணுத்தீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டு கலவைகளை ஒப்பிடச் சொல்கிறீர்களா? முதலில் இரண்டின் சத்த அளவையும் சமமாக்குங்கள். சற்றே சத்தமாக ஒலிப்பதுதான் காதுக்குச் சிறந்ததாகத் தோன்றும். ஸ்பாட்டிஃபை செயலி வழக்கமாகப் பாடல்களை -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமன்செய்துவிடுவதால், அந்தக் கூடுதல் சத்தம் அங்கே நிற்காது.

‘பேஸ் கேட்கவே இல்லை’ என்றால், எதில் கேட்டார் என்று விசாரியுங்கள். போனின் சின்ன ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த (பேஸ்) ஒலிகளில் பெரும்பகுதி காணாமல் போய்விடும்.

குறையை ரசிகர் சரியாக உணர்வார், அவர் சொல்லும் மருந்துதான் பல நேரம் தவறு. ‘கிட்டாரைக் குறைங்க’ என்று சிலர் சொன்னால், பாடகரின் குரல் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.