குழந்தைகளோடு தஞ்சாவூர்: வாசகர் கேள்வி பதில்

எங்களுக்கு நாலு வயதுப் பெண், ஒன்றரை வயதுப் பையன். டிசம்பர் கடைசியில் மூன்று நாள் தஞ்சாவூர் போகிறோம். பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் என் கணவர். முடியுமா? (வாசகி, சென்னை)

கார் தாங்கும், குழந்தைகள் தாங்க மாட்டார்கள். தாராசுரம் சுமார் 35 கிலோமீட்டர், கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 70. தூரம்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. நண்பகலில் நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். காலையில் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் மூன்றாவது கோயிலுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில், சாத்திய கதவு, தூக்கத்துக்கு அழும் பிள்ளை என்று மூன்றும் சேர்ந்து நிற்கும்.

பெரிய கோயிலுக்கு இரண்டு தடவை போங்கள். வந்த அன்று மாலை ஒரு மணி நேரம், மறுநாள் காலை ஏழிலிருந்து எட்டரை வரை. பதினொன்றிலிருந்து நாலு வரை அறையிலேயே சாப்பாடும் தூக்கமும். மாலையில் கோயிலை ஒட்டியிருக்கும் சிவகங்கைப் பூங்காவில் ஓடவிடுங்கள். மூன்றாம் நாள் காலை அரண்மனை அல்லது தாராசுரம், இரண்டில் ஒன்று போதும். தாராசுரத்தில் மண்டபத்தையே தேராக்கிச் சக்கரமும் குதிரையும் செதுக்கியிருக்கிறார்கள், உங்கள் பெண் விடமாட்டாள். கங்கைகொண்ட சோழபுரத்தை இந்த முறை விட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் காலண்டரில் பிரதோஷம் என்றைக்கு என்று பாருங்கள். அன்று மாலை நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். கைக்குழந்தையோடு அன்றைக்குக் காலையிலேயே போய் வந்துவிடுவது நல்லது.

சென்னையிலிருந்து ராத்திரி ரயிலில் போகிறோம். நாலு வயதுப் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டுமா?

ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் தேவையில்லை, ஆனால் படுக்கையும் கிடையாது. இரண்டு பிள்ளைகளுக்கும் டிக்கெட் எடுக்காவிட்டால் நாலு பேருக்கு இரண்டு படுக்கைதான். பெரியவளுக்கு முழுக் கட்டணம் கொடுத்துத் தனிப் படுக்கை வாங்கிவிடுங்கள், அந்த ஒரு இரவுத் தூக்கத்தில்தான் மறுநாள் முழுக்க அடங்கியிருக்கிறது. உழவன் எக்ஸ்பிரஸ் போன்ற ரயில்கள் விடிகாலையில் இறக்கிவிடும். பல விடுதிகளில் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் அறை தருவார்கள். முந்தின இரவிலிருந்தே அறை எடுங்கள், இல்லையென்றால் சீக்கிரம் அறை தருவார்களா என்று போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதே போனிலேயே இன்னும் சிலவற்றைக் கேளுங்கள்: லிப்ட் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, வெந்நீர் எத்தனை மணி வரை வரும், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு. குழந்தையின் தலை நுழைகிற இடைவெளி என்றால் பால்கனி இல்லாத அறை கேளுங்கள். கட்டில் உயரமாக இருந்தால் கூடுதல் மெத்தையைத் தரையில் போடச் சொல்லுங்கள்.

கோயில் தரை சுடுமே, செருப்பும் போட முடியாது. தள்ளுவண்டி கொண்டுபோகலாமா? (வாசகர், கோவை)

தள்ளுவண்டியை அறையிலேயே வைத்துவிடுங்கள். தரை கல்லும் செங்கல்லும் பாவியது, சின்னச் சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். இரண்டு வயது வரை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணித் தொட்டிலே வசதி.

சூட்டுக்குக் கனமான பருத்திக் காலுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் வேண்டாம், வழவழப்பான கல்லில் வழுக்கும். சன்னதிக்குள் போகும்போது கழற்றிவிடலாம். பிள்ளையை இறக்கிவிடும் முன் உங்கள் புறங்கையைத் தரையில் ஐந்து எண்ணும் வரை வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லையென்றால் அந்தப் பிஞ்சுக் காலுக்கும் பொறுக்காது. கருங்கல் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். அதனால்தான் சித்திரை வைகாசியில் வெயில் தாழ்ந்த பிறகும் தரை சுடுகிறது. டிசம்பரில் நாலரைக்கு மேல் தொல்லை இருக்காது.

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்கிறார்களே, குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள், அது உண்மை இல்லை. நிழல் நன்றாகவே விழுகிறது. சுமார் 216 அடி உயர விமானம் அது, காலையில் மேற்கே நீளும், மாலையில் கிழக்கே நீளும். பிள்ளைகளை அந்த நிழலிலேயே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். 1010-இல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயில் என்பதைவிட, ராஜராஜன் திருவாசலில் நிற்கும் துவாரபாலகரின் காலடிதான் அவர்களைக் கவரும். அங்கே ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். முதலில் யானை எங்கே என்று தேடச் சொல்லுங்கள், பாம்பை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாம்பின் அளவை யானையோடும், துவாரபாலகரின் அளவைப் பாம்போடும் ஒப்பிடச் சொன்னால் அவர் எத்தனை பெரியவர் என்பது தானாகப் புரியும்.

அரண்மனையில் சின்னக் குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

தரங்கம்பாடி கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, முதலில் அங்கே போய்விடுங்கள். கோபுரப் படிகள் குறுகல், செங்குத்து. கைக்குழந்தையோடு ஏற வேண்டாம். கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளுக்கு அரை மணி நேரம் போதும். சரசுவதி மகால் நூலகத்தின் சுவடிகளைப் பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்து வாருங்கள்.

வெயிலில் பிள்ளை துவண்டுபோனால் என்ன கொடுப்பது? (வாசகி, திண்டுக்கல்)

நிழலுக்குத் தூக்கிப் போய் உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். ஓஆர்எஸ் பொட்டலத்தில் அளவைப் படித்துக் கலக்குங்கள், பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைக் கைக்கு அகப்பட்ட அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரட்டிப்பாகும், குழந்தைக்கு அது ஆபத்து. 200 மில்லி தண்ணீருக்கான சின்னப் பொட்டலங்களாக வாங்கி வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. கலந்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. அட்டைப் பெட்டியில் வரும் இனிப்புச் சாறுகள் இதற்கு ஈடாகாது. ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள். உடம்பு கொதித்தாலோ, எழுப்பினாலும் விழிக்காவிட்டாலோ, பல மணி நேரம் சிறுநீர் போகாவிட்டாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

தலையாட்டி பொம்மை எந்த வயதுக்கு வாங்கலாம்?

கடையில் இரண்டு வகை இருக்கும். அடி உருண்டையாக, எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் ராஜா ராணி ஒன்று. தலை, உடல், பாவாடை என்று தனித்தனியாகக் கம்பியில் ஆடும் நடனப் பொம்மை மற்றொன்று. மூன்று வயதுக்குக் கீழே இரண்டையுமே கையில் கொடுக்காதீர்கள், சாயத்தை வாயில் வைத்துவிடுவார்கள். நடனப் பொம்மையை அப்படியே பெட்டியில் வைத்தால் கழுத்து கம்பியில் உராய்ந்து விரிசல் விடும். பாகங்களைக் கழற்றி ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வையுங்கள்.