பத்தாவதாக வந்த அணிக்குக் கோப்பையா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ராலே நகரில், வட கரோலினா மாநிலப் பல்கலையில் எம்.எஸ். படிக்கிறாள். மார்ச் மாதம் அவளைப் பார்க்கப் போகிறோம். அப்போது ‘ஏ.சி.சி. டோர்னமென்ட்’ என்ற கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டி நடக்குமாம். ஒரு நாளுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம் என்றால் எந்த நாளுக்கு எடுப்பது? 2024-ல் அவள் பல்கலை லீக்கில் பத்தாவதாக வந்தும் சாம்பியன் ஆனதாகச் சொல்கிறாள். முதலிடம் வந்தவர்களை விட்டுவிட்டுப் பத்தாவதுக்குக் கோப்பை கொடுப்பது என்ன நியாயம்?

பதில்: வியாழக்கிழமைக்கு எடுங்கள். சனிக்கிழமை இறுதிப் போட்டியின் மேல் ஆசை வேண்டாம். ஏன் என்பதும் நீங்கள் கேட்ட நியாயமும் ஒரே கதைதான்.

ஏ.சி.சி. என்றதும் நமக்கு சிமென்ட் மூட்டை ஞாபகம் வரும். இது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். கிழக்குக் கரைப் பக்கத்துப் பல்கலைகள் 1953-ல் சேர்ந்து அமைத்த கூட்டு. (இன்று கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டும் இதில் உறுப்பினர். அட்லாண்டிக் எங்கே, ஸ்டான்ஃபோர்ட் எங்கே என்று கேட்காதீர்கள்.) லீக் ஆட்டங்கள் முடிந்ததும் ஒரு நாக்-அவுட் போட்டி. முதல் போட்டி 1954-ல் உங்கள் மகள் படிக்கும் பல்கலையின் வளாகத்திலேயே, ரெனால்ட்ஸ் கொலிசியத்தில் நடந்தது. 12,400 பேர் உட்காரலாம். அந்தக் காலத்துக்கு அது மிகப் பெரிய அரங்கம், டிக்கெட் வசூலுக்குச் சரியான இடம். முதல் மூன்று வருடமும் அவர்களே ஜெயித்தார்கள். சொந்த முற்றத்தில் ஆடினால் அப்படித்தான்.

விஷயம் கோப்பையோடு நிற்கவில்லை. தேசிய அளவில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பு நடத்தும் போட்டிக்கு அன்று ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒரே ஒரு அணிதான் போகலாம். அந்த ஒற்றை இடத்தை ஏ.சி.சி. இந்த நாக்-அவுட்டில் ஜெயித்தவருக்கே கொடுத்தது. மூன்று மாதம் ஆடிச் சேர்த்ததை மூன்று நாளில் இழக்கலாம்.

இழந்தவர்களும் உண்டு. 1970-ல் தென் கரோலினா அணி லீக்கில் 14 ஆட்டங்களில் 14-ஐயும் ஜெயித்து வந்தது. அரையிறுதியில் அதன் நட்சத்திரம் ஜான் ரோச்சுக்குக் கணுக்கால் பிசகியது. இறுதியில் உங்கள் மகளின் பல்கலையான வட கரோலினா மாநில அணி பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆட்டத்தை இழுத்தது. இவ்வளவு நொடிக்குள் எறிய வேண்டும் என்ற விதி அன்று கிடையாது. இரண்டு ஓவர்டைம் (சமநிலையானால் தரும் கூடுதல் நேரம்) போன பிறகும் ஸ்கோர் 42-39 தான். தென் கரோலினா தோற்றது, வீட்டுக்குப் போனது. அந்த வருடம் தேசியப் போட்டியின் கிழக்கு மண்டல ஆட்டங்கள் அவர்களுடைய சொந்த அரங்கத்திலேயே நடந்தன. யார் வீட்டுக் கல்யாணத்தையோ வாசலில் நின்று பார்ப்பது போல. மறுவருடம் கோப்பையை ஜெயித்தார்கள். அதோடு கான்ஃபரன்ஸை விட்டே விலகினார்கள்.

1974 இறுதிப் போட்டியை ஏ.சி.சி. ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். கிரீன்ஸ்பரோவில் வட கரோலினா மாநில அணியும் மேரிலாந்தும் மோதின. இரண்டுமே நாட்டின் முன்னணி அணிகள். மாநில அணியின் டாம் பர்ல்சன் 38 புள்ளி எடுத்தார்; ஓவர்டைமில் 103-100 என்று மாநில அணி தப்பியது. மேரிலாந்து கோச் லெஃப்டி ட்ரிசல் எதிரணியின் பஸ்ஸில் ஏறி வீரர்களை வாழ்த்திவிட்டு இறங்கினார். அந்த மாநில அணிதான் தேசிய சாம்பியனும் ஆனது. மேரிலாந்துக்கோ தேசியப் போட்டியில் நுழையவே இடமில்லை. அடுத்த வருடமே என்.சி.ஏ.ஏ. அணிகளின் எண்ணிக்கையை 32 ஆக்கி, ஒரு கான்ஃபரன்ஸிலிருந்து ஒன்றுக்கு மேல் வரலாம் என்று விதியைத் தளர்த்தியது.

இன்று தேசியப் போட்டியில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் அணிகள். ஏ.சி.சி.யில் மேலே இருப்பவர்களுக்குத் தோற்றாலும் இடம் உண்டு. ஆனால் கோப்பையை ஜெயித்தவரே அதிகாரபூர்வ சாம்பியன் என்ற பழைய விதி மாறவில்லை. எனவே இப்போது இந்தப் போட்டியில் உயிரைக் கொடுத்து ஆடுவது கீழே கிடப்பவர்கள்தான். 2024-ல் உங்கள் மகளின் பல்கலை கடைசி நான்கு லீக் ஆட்டங்களையும் தோற்றுவிட்டு வந்தது. ஐந்து நாளில் ஐந்து ஆட்டம். வர்ஜினியாவுடனான அரையிறுதியில் மூன்று புள்ளி பின்தங்கி, மணி அடிக்கும் நேரத்தில் மைக்கேல் ஓ’கானல் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளிப் பந்து பலகையில் பட்டு, வளையத்தில் தடுமாறி, உள்ளே விழுந்தது. ஓவர்டைமில் ஜெயித்தார்கள்; மறுநாள் பக்கத்து ஊர்ப் பங்காளியான வட கரோலினா பல்கலையை 84-76 என்று வீழ்த்தினார்கள். 1987-க்குப் பிறகு முதல் கோப்பை. அந்தப் பந்து வெளியே போயிருந்தால் தேசியப் போட்டியே கிடையாது. உள்ளே விழுந்ததால் தேசிய அரையிறுதி வரை போனார்கள். இது நியாயமா? லீக் கணக்குப்படி இல்லைதான். ஆனால் விதி எல்லாருக்கும் முன்பே தெரியும், எழுபது வருடமாகத் தெரியும்.

இனி டிக்கெட். இப்போதைய ஏற்பாட்டில் 18 அணிகளில் 15 மட்டுமே வரும், செவ்வாய் முதல் சனி வரை. முதல் நான்கு இடத்தவர்கள் வியாழன்தான் களமிறங்குவார்கள். அன்று நான்கு காலிறுதி: பகலில் இரண்டு, இரவில் இரண்டு, ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு ஆட்டம். ஓய்வெடுத்து வந்த பெரிய அணியும், தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய சின்ன அணியும் மோதுவதைப் பார்க்க அதுதான் நாள். உங்கள் மகளின் அணி பத்திலிருந்து பதினைந்தாம் இடத்துக்குள் என்றால் மட்டும் செவ்வாய்க்கு எடுங்கள். வியாழன் வரை அது தாங்கும் என்று நம்பிப் பணம் போடாதீர்கள். இடத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கிரீன்ஸ்பரோ அல்லது சார்லட், இரண்டும் ராலேயிலிருந்து காரில் போய்வரும் தூரம். சில வருடம் வாஷிங்டன், நியூயார்க் என்றும் போயிருக்கிறது.

இரண்டாம் நாளும் பார்க்க ஆசை வந்தால் அவசரப்படாதீர்கள். தோற்ற அணியின் ரசிகர்கள் மிச்ச டிக்கெட்டை அன்றிரவே மறுவிற்பனைக்கு விடுவார்கள், விலை இறங்கும். சட்டை சிவப்பாக இருக்கட்டும். வெளிர்நீலம் அந்தப் பங்காளியின் நிறம்; அதைப் போட்டுக்கொண்டு போனால் மகள் இரண்டு வரிசை தள்ளி உட்காருவாள்.