மைக்ரோபோலார் பாய்மம்: கேள்வி பதில்

கேள்வி: மைக்ரோபோலார் பாய்மம் என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

பதில்: ஓட்டத்தோடு நகரும் துகள்கள் தனியாகச் சுழலவும் செய்யும் பாய்மம். 1966-இல் பொறியியல் அறிஞர் எரிங்கன் தந்த கோட்பாடு. வேகத்துக்கு ஒரு சமன்பாடு, நுண்சுழற்சிக்கு (துகள்களின் அந்தத் தனிச் சுழற்சிக்கு) இன்னொன்று. ஒரு வரி கேட்டீர்கள், மூன்று ஆகிவிட்டது.

கேள்வி: சுவர் நிபந்தனையில் 0, 1/2, 1 என்று ஓர் எண் வருகிறதே, எதை எடுப்பது?

பதில்: சுவரில் நுண்சுழற்சி, வேகச் சரிவின் (சுவரிலிருந்து விலகும்போது வேகம் மாறும் வீதத்தின்) எத்தனை பங்கு என்பதுதான் அந்த எண் (எதிர்க்குறியோடு). 0 என்றால் துகள்கள் அடர்ந்து கிடக்கின்றன, சுவரருகே சுழல இடமில்லை. 1/2 என்றால் செறிவு குறைவு. 1 கொந்தளிப்பு ஓட்டத்துக்கு என்பார்கள். 1/2 எடுப்பவர்கள் அடுத்த பதிலையும் படித்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: இழுபடும் தகடு (தன் தளத்திலேயே நீண்டு பாய்மத்தை இழுத்துப் போகும் சுவர்), சுவர் எண் 1/2. சுழல் பாகுநிலைக்கும் (துகள் சுழற்சியால் வரும் கூடுதல் பாகுநிலை) சாதாரணப் பாகுநிலைக்கும் உள்ள விகிதம் கே. கே ஏற ஏறச் சுவரில் வேகச் சரிவு குறைகிறது. 'உராய்வு குறைகிறது' என்று எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். சரிவு வேறு, தகைவு (சுவரின் ஓர் அலகுப் பரப்பில் விழும் உராய்வு விசை) வேறு. இங்கே சரிவின் அளவு 1/√(1+கே/2). கே 2 என்றால் 0.7071, குறைந்ததுதான். ஆனால் தகைவுக்கு அதை (1+கே/2) கொண்டு பெருக்க வேண்டும். விடை √2, அதாவது 1.414. இழுவை 41 சதவீதம் கூடியிருக்கிறது!

இன்னொரு சங்கதி. நுண்சுழற்சிச் சமன்பாட்டின் பரவல் கெழுவுக்கு (நுண்சுழற்சி எவ்வளவு எளிதாகப் பரவும் என்று சொல்லும் எண்) எல்லாரும் போடும் வழக்கமான வடிவத்தைத்தான் நீங்களும் போட்டிருப்பீர்கள். அதோடு 1/2 சேர்ந்தால் நுண்சுழற்சி சுவரில் மட்டுமல்ல, படலம் (சுவரையொட்டி நகரும் பாய்ம அடுக்கு) முழுக்கச் சரிவின் பாதியாகவே நிற்கும். இரண்டாம் சமன்பாடு தானாக நிறைவேறிவிடும். மிஞ்சுவது பாகுநிலை கொஞ்சம் கூடிய சாதாரண நியூட்டோனியப் பாய்மம் (தண்ணீர் போன்றது). அந்தச் சாதாரணப் பாய்மத்தில் இழுபடும் தகட்டுக்கு 1970-இல் கிரேன் கொடுத்த விடையை அளவு மாற்றினால் போதும். கணினி எதற்கு, பேனா போதும்.

கேள்வி: அப்படியானால் 1/2 வைத்து வந்த கட்டுரைகள் எல்லாம் வீணா? இது அநியாயம்.

பதில்: வீண் என்று நான் சொல்லவில்லை. மிதப்பு விசையோ காந்தப் புலமோ வந்தால் இந்தக் குறுக்குவழி உடைந்துவிடும். அவை இல்லாமல் பத்து வரைபடம் போட்டால்தான் கேட்பேன்.

கேள்வி: கணினி நிரல் சரியா என்று சோதிக்கவாவது அந்த விடை உதவுமே?

பதில்: உதவும். அது நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோதனையைச் சோதனை என்றே எழுதுங்கள், கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள்.

கேள்வி: கே கூடினால் வெப்பமாற்றம் கூடும் என்கிறது ஒரு கட்டுரை, குறையும் என்கிறது இன்னொன்று. எது சரி?

பதில்: இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி. இரண்டும் சரியாக இருக்கலாம். ஓட்டத்தை யார் ஓட்டுகிறார் என்று பாருங்கள். இழுபடும் தகட்டில் சுவர்தான் ஓட்டுகிறது. பாகுநிலை கூடினால் சுவர் அதிகப் பாய்மத்தை இழுத்துப் போகும், அதை ஈடுகட்ட வெளியிலிருந்து புதுப் பாய்மம் சுவரை நோக்கி வரும். வெப்பமாற்றம் கூடும். 1908-இல் பிளாசியஸ் எடுத்த அசையாத தகட்டில் ஓட்டுவது வெளி ஓட்டம், சுவர் தடுக்கிறது. பாகுநிலை கூடினால் சுவரருகே ஓட்டம் மந்தமாகும், வெப்பமாற்றமும் குறையும். சுவர் வெப்பநிலை மாறாதது, பாகுநிலை உராய்வால் எழும் சூடு புறக்கணிக்கத்தக்கது என்று வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அதே இழுபடும் தகட்டைக் கணினியில் தீர்க்கும்போது, சுவரிலிருந்து முடிவிலித் தொலைவு என்பதற்குப் பதில் (அலகற்ற தூரம்) 6 போட்டால் போதுமா?

பதில்: கே 0 என்றால் போதும். கே 6 ஆனால் படலம் இரு மடங்கு தடிக்கும், 6-இல் வேகம் இன்னும் 5 சதவீதம் மிச்சமிருக்கும். 12 போட்டுப் பாருங்கள், விடை நகர்ந்தால் 6 தப்பு.

கேள்வி: என் தகட்டிலும் கே ஏறும்போது சரிவு குறைகிறது. உராய்வு குறைகிறது என்று...

பதில்: மேலே மூன்றாவது கேள்வி.

கேள்வி: நானோ துகள், கதிர்வீச்சு, நுண்துளை ஊடகம் மூன்றையும் சேர்த்தால் கட்டுரை ஆகுமா?

பதில்: ஆகும். ஏதாவது ஒரு நிஜப் பாய்மத்துக்குக் கே எவ்வளவு என்று அளந்து வந்தால், அதை நான் முதலில் படிப்பேன்.